ஆறு லட்ச ரூபாய் வாட்ச் ஏன் பின்தங்குகிறது? கீழக்கரைத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். துபாயில் இருக்கும் உங்கள் காக்கா (அண்ணன்), வாப்பாவுக்கு ஆறு லட்ச ரூபாயில் ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கிக் கொடுத்தார். ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் நாளைக்கு ஒரு விநாடி, இரண்டு விநாடிதான் வித்தியாசம் வந்தது. இப்போது 12 விநாடி பின்தங்குகிறது. சில நாள் சுபுஹு தொழுகைக்கு விடியலில் எழுந்து பார்த்தால் நின்றே கிடக்கிறது. வாங்கிய கடையில் "மெக்கானிக்கல் என்றால் அப்படித்தான்" என்கிறார்கள். வாப்பாவோ, தன் பழைய எச்எம்டி இப்படி ஒருநாளும் செய்ததில்லை என்கிறார். இது தரக்குறைவா, டூப்ளிகேட்டா, ராமநாதபுரத்திலேயே மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். திறக்காதீர்கள். வாரண்டி இருக்கும்வரை ராமநாதபுரத்தில் யாரும் அந்த மூடியில் கை வைக்கக் கூடாது, வாட்ச் பழுது பார்க்கும் நான் உட்பட. மூடியில் ஒரு கீறல் விழுந்தாலே "வெளியாள் திறந்திருக்கிறார்" என்று சொல்லிக் கம்பெனி கையை விரிக்க இடம் கொடுத்துவிடுவோம். டூப்ளிகேட் சந்தேகத்தையும் விட்டுவிடலாம். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில், பில்லோடும் தேதியும் சீரியல் நம்பரும் உள்ள வாரண்டி கார்டோடும் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். நிற்பதும் பின்தங்குவதும் இரண்டு வேறு நோய்களாக இருக்கலாம். ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் சர்வீஸ் சென்டரில் உங்கள் பேச்சு எடுபடாது.

முதலில் நிற்பது. ஆட்டோமேட்டிக் வாட்சுக்குக் கையின் அசைவுதான் சாப்பாடு. வாப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் என்கிறீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பார், பள்ளிவாசலுக்குப் போய் வருவார், ஐந்து வேளையும் ஒளு செய்யும்போது (தொழுகைக்குமுன் கை கால் கழுவும்போது) வாட்சைக் கழற்றி வைப்பார். அந்த அசைவு மெயின் ஸ்பிரிங்கை (வாட்சை ஓட்டும் சக்தியைச் சேர்த்து வைக்கும் சுருளை) முழுதாக முறுக்கப் போதாது. பாதி முறுக்கில் ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச், இரவு மேசையில் வைத்ததும் விடிவதற்குள் தீர்ந்துபோகும். இதில் மெஷின் மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம். சோதிப்பது எளிது. கிரவுனை (ஓரத்தில் சாவி கொடுக்கும் திருகை) திறந்து 40 சுற்று சாவி கொடுங்கள், மறுபடி மூடி மேசையில் வைத்துவிடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 70 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொல்லியிருந்து, 65 மணியைத் தாண்டி ஓடினால் ஸ்பிரிங்கும் மெஷினும் நலம், வாப்பா வாரத்தில் இரண்டு நாள் காலையில் சாவி கொடுத்தால் தீர்ந்தது. 45 மணியிலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அடுத்தது அந்த 12 விநாடி. இன்றைய மெக்கானிக்கல் வாட்சுகளில் பெரும்பாலானவை விநாடிக்கு 8 தட்டு தட்டுகின்றன. ஒரு நாளைக்கு 6,91,200 தட்டு. 12 விநாடி பின்தங்குகிறது என்றால் அத்தனையில் 96 தட்டுக்கான நேரம்தான் தவறுகிறது. ஒரு மனிதன் செய்த பொருள் என்ற வகையில் அது வியக்கத்தக்க சாதனை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு லட்சம் வாங்கிக்கொண்டவர்கள் அதைவிடச் சிறப்பாக ஓடும் என்று வாக்குக் கொடுத்துத்தான் விற்றார்கள். அந்த வாக்கைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

டயலில் 'குரோனோமீட்டர்' என்று அச்சிட்ட சுவிஸ் வாட்சுகளின் மெஷினை, காஸ்க் என்ற சுவிஸ் சோதனை அமைப்பு பார்த்திருக்கும். 1973-ல் தொடங்கிய அமைப்பு அது. 15 நாள், 5 நிலைகளில் வைத்து, 8, 23, 38 டிகிரி வெப்பத்தில் சோதிப்பார்கள். சராசரியாக நாளைக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம், அதற்கு மேல் கூடாது. 38 டிகிரி வரை பார்க்கிறார்களே, நம் ஊர்ச் சித்திரை வெயிலையும் சேர்த்துத்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே சோதிப்பது வெறும் மெஷினை. அதன் பிறகு கம்பெனிக்குத் திரும்பி வந்து டயல், முள், கேஸ் (வெளிக்கூடு) எல்லாம் மாட்டுகிறார்கள். கரையில் ஸ்டாண்டில் வைத்து ஓட்டிப் பார்த்த இன்ஜினைப் படகில் ஏற்றிய பிறகு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்காமல் யாராவது பாம்பன் கால்வாய்க்குள் இறங்குவார்களா? மாட்டும்போது ஒரு தட்டு, ஒரு தூசி, காலண்டர் பல் சக்கரத்தின் கூடுதல் சுமை எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கை மாற்றிவிடும்.

இந்த ஓட்டையைச் சில கம்பெனிகள் தாங்களே அடைத்தன. ரோலக்ஸ் 2015 முதல், கேஸில் போட்ட பிறகும் சோதித்து, 2 விநாடி முன்பின் என்ற வரம்பை வைத்தது. ஓமேகா அதே 2015-ல் சுவிஸ் அரசின் அளவீட்டு நிறுவனமான மெட்டாஸை வைத்து முழு வாட்சையும் சோதிக்கத் தொடங்கியது. அதில் நாளைக்கு 0 முதல் 5 விநாடி முந்தலாம், பின்தங்கவே கூடாது, 15,000 காஸ் (காந்தப் புலத்தின் அலகு) அளவு காந்தத்தையும் தாங்க வேண்டும். ஜப்பானின் கிராண்ட் சீக்கோ மெஷினை 17 நாள், 6 நிலைகளில் பார்க்கிறது. உங்கள் வாட்ச் இதில் எந்த வகை என்று கையேட்டில் இருக்கும். 12 விநாடி பின்தங்கல் இந்த எந்த வரம்புக்குள்ளும் அடங்காது. ஆகவே "அப்படித்தான்" என்ற கடைக்காரர் பதிலை நீங்கள் ஏற்கத் தேவையில்லை. எந்தச் சான்றும் இல்லாத மெஷின் என்றால் மட்டும் கம்பெனியின் சொந்த வரம்பு என்ன என்று கேளுங்கள், அது இதைவிடத் தளர்வாக இருக்கும்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இந்தச் சோதனை எல்லாமே புத்தம்புது ஆயிலோடு, தொழிற்சாலையை விட்டுக் கிளம்புவதற்கு முன் சில நாள் பார்ப்பது. ஒன்றரை வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதை அவற்றில் எதுவும் சொல்லாது. உங்கள் வாட்ச் முதலில் சரியாக ஓடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது. முதல் நாளே 12 விநாடி தவறியிருந்தால் 'அட்ஜஸ்ட்மெண்ட் சரியில்லை' என்று ஒரு திருகலில் முடித்திருக்கலாம். படிப்படியாகக் குறைவது வேறு கதை.

டைமிங் மெஷினில் ஒரு வாட்சை வைத்தால் திரையில் இரண்டு புள்ளிக் கோடு ஓடும். மேலே மூன்று எண்கள் வரும். நாளைக்கு எத்தனை விநாடி என்பது ஒன்று, உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலின் வீச்சு எத்தனை டிகிரி என்பது இரண்டாவது, இடது வலது தட்டு ஒத்திருக்கிறதா என்பது மூன்றாவது. கடைக்கு வருபவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வீச்சை. முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால் நல்ல வாட்சில் 270 முதல் 300 டிகிரி வரை வரும். நிமிர்த்தி வைத்தால் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. சில வாட்சுகளை வைக்கும்போதே 210, 220 என்று காட்டும், கிரவுன் கீழே பார்க்க நிறுத்தினால் 180-க்கு விழும், நேராக ஓடிய கோடு அலைய ஆரம்பிக்கும். அந்த மெஷினுக்குள் எங்கோ சக்தி தேய்ந்து போகிறது: ஆயில் காய்ந்திருக்கலாம், ஒரு அச்சு தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் டப்பாவுக்குள் பிடிப்பு இருக்கலாம். இந்த நிலையில் திருகைத் திருப்பி நேரத்தை மட்டும் சரிசெய்து கொடுத்தால் ஆறு மாதத்தில் மறுபடி வந்து நிற்கும்.

இப்படி நடப்பது சின்னக் கம்பெனிகளில் மட்டும் என்று நினைக்காதீர்கள். ரோலக்ஸின் 3135 என்ற மெஷின் 1988-ல் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பேர் சொல்லிக்கொண்டு ஓடுகிறது. அதற்குப் பதிலாக 2015-ல் 3235 வந்தது. 48 மணி நேரம் இருந்த ஓட்டத்தை 70 மணிக்கு நீட்டினார்கள். அதற்காக ஸ்பிரிங் டப்பாவின் சுவரைப் பாதியாக மெலிதாக்கி, உள்ளே நீளமான ஸ்பிரிங் வைத்து, ஸ்பிரிங்கின் சக்தியைத் தட்டுத் தட்டாக விடும் எஸ்கேப்மெண்டையும் புதிதாக வடிவமைத்தார்கள். காகிதத்தில் அருமையான வேலை. ஆனால் அந்த வரிசையில் சில வாட்சுகள் ஒன்றிரண்டு வருஷத்தில் வீச்சு இறங்கிப் பின்தங்குகின்றன என்று வைத்திருப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் பல நாடுகளிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். எத்தனை சதவீதம் என்பது கம்பெனிக்கு மட்டுமே தெரியும். பெரும்பாலானவை நன்றாக ஓடுகின்றன என்பதும் உண்மை.

ஓமேகாவுக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கலைஞர் கண்டுபிடித்த கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மெண்டை 1999-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய மெஷின் ஒன்றின் மேல் அதை ஏற்றி 2500 என்று பெயர் வைத்தார்கள். ஆரம்ப வரிசைகளில் திடீரென நின்றுபோகும் தொல்லை இருந்தது. தட்டு வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், பிறகு எஸ்கேப்மெண்டின் அமைப்பையே மாற்றி இன்னொரு வரிசை விட்டார்கள். இதற்கிடையே 2007-ல் அந்த எஸ்கேப்மெண்டுக்கென்றே அடியிலிருந்து வடிவமைத்த 8500 வந்தது. அந்த இடைப்பட்ட வருஷங்களில் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான், தெரியாமலேயே, சோதனையாளர்களாக இருந்தார்கள்.

அதனால் காக்கா அடுத்து யாருக்காவது வாங்குவதாக இருந்தால், வெளிவந்து ஐந்தாறு வருஷம் ஆன மெஷினாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். புது மெஷின், புது வசதி, கூடுதல் மணி நேரம் என்ற விளம்பரத்துக்கு முதல் வருஷமே ஓடவேண்டாம்.

தொழிற்சாலைக் கவனக் குறைவும் தனியாக உண்டு, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வாரண்டி முடியாத, ஒருமுறைகூடத் திறக்காத ஒரு வாட்சை ஐ-கிளாஸில் பார்த்தபோது டயலில் 4 மணிக் குறிக்குப் பக்கத்தில் ஒரு நூலிழை கிடந்தது. துடைக்கும் துணியின் இழை, நீல நிறம். கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது, வெளியிலிருந்து போக வழியே இல்லை. பெயர் வேண்டாம், பெரிய கம்பெனிதான். "உபயோகித்ததால் வந்தது" என்று முதலில் எழுதி அனுப்பினார்கள். படம் எடுத்து மறுபடி அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். விலையில் பெரும்பகுதி பெயருக்கும், பளபளப்புக்கும், கடை வாடகைக்கும் போகிறது. பளபளப்பும் சும்மா இல்லை, அந்த முள்ளின் விளிம்பைச் சாணை பிடித்த கையை நான் மதிக்கிறேன். ஆனால் கடைசியாக ஒரு மனிதன் உட்கார்ந்து ஒவ்வொரு வாட்சையும் பொறுமையாகப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

புதிதாக வாங்கும்போது கவுண்டரிலேயே முள்ளை 24 மணி நேரம் சுற்றிப் பாருங்கள், தேதி 12 மணியை ஒட்டி முழுதாக மாறுகிறதா, பாதியில் நிற்கிறதா என்று. ஸ்டாப் வாட்ச் உள்ளது என்றால் ஓடவிட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் முள் நேர் மேலே நிற்க வேண்டும். கிரவுனின் மரை இடறாமல் ஏற வேண்டும். இவ்வளவையும் பார்க்கச் சங்கடப்படத் தேவையில்லை.

இன்னொரு ஆசையும் எனக்கு உண்டு. முன்பெல்லாம் குரோனோமீட்டர் வாட்சோடு, அந்தக் குறிப்பிட்ட வாட்ச் எந்த நிலையில் எத்தனை விநாடி காட்டியது என்ற தாளும் வரும். இன்று பெரும்பாலான கம்பெனிகள் ஒரு அட்டையும் ஒரு முத்திரையும் மட்டும் தருகின்றன. அளந்திருக்கிறார்கள், எண் அவர்களிடம் இருக்கிறது, வாங்கியவருக்கு அதைக் காட்டுவதில் என்ன தடை? அந்த எண் கையில் இருந்திருந்தால் இன்று நீங்கள் கடைக்காரரிடம் வாதாட வேண்டியிருக்காது.

சரி, நம் கடற்கரை இதில் என்ன செய்கிறது? நிறையவே செய்கிறது. போன கச்சான் (மேற்குக் காற்று) காலத்தில் மண்டபம் பக்கமிருந்து ஒரு வாட்ச் வந்தது. வாரண்டி முடிந்து பல வருஷம் ஆனது, 300 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தது. மூடி சுழன்று வர மறுத்தது. ஒருவழியாகத் திறந்தபோது மரை முழுக்க வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. ரப்பர் வாஷர் தட்டையாகி இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. கிரவுன் தண்டில் செந்துரு, அதன் பொடி காலண்டர் சக்கரம் வரை போயிருந்தது. கடலில் அவர் முங்கியதே இல்லை. வியர்வையும், காற்றில் வரும் உப்பும், போர்வெல் தண்ணீரும் போதுமானதாக இருந்தன. 300 மீட்டர் என்பது புது வாஷரோடு, கிரவுனை முழுதாக இறுக்கிய நிலையில் தொழிற்சாலை கொடுத்த அழுத்தக் கணக்கு. அந்த ரப்பருக்கு ஆயுள் உண்டு, நம் பக்கம் அது இன்னும் குறைவு.

வாப்பா ஒளு செய்யும்போது கழற்றி வைக்கிறார் என்பது நல்ல பழக்கம். சாவி கொடுத்த பிறகு கிரவுனை உள்ளே தள்ளித் திருகி மூடுகிறாரா என்று மட்டும் கூட இருந்து ஒருநாள் பாருங்கள். வயதானவர்களுக்கு விரல் பிடிமானம் குறைவு, அரைத் திருகலில் விட்டுவிடுவார்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் செயினையும் மூடி ஓரத்தையும் துடைக்கலாம்.

காந்தத்தையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. போன் கவரில் இருக்கும் காந்தம், ஸ்பீக்கர், கைப்பையின் பொத்தான் இவற்றின் அருகில் இருந்து பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் வழக்கமாக முந்தும், சில நேரம் நாளைக்கு நிமிடக் கணக்கில். உங்களுடையது பின்தங்குகிறது என்பதால் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்ச் மேல் கொண்டுபோய்ப் பாருங்கள், முள் துடித்தால் சந்தேகப்படலாம்.

வாப்பா எச்எம்டி பற்றிச் சொன்னதை ஒதுக்கிவிட மாட்டேன். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் வந்த வாட்ச் அது. கையால் சாவி கொடுப்பது, தேதி கிடையாது, கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் ரோட்டார் கிடையாது. கெட்டுப்போகப் பாகங்களே குறைவு. எந்த ஊரிலும் திறந்து ஓவராயிலிங் (கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் விடுவது) செய்துவிடலாம். ஆனால் அதுவும் நாளைக்கு அரை நிமிடம் தவறியிருக்கும். தினமும் காலையில் சாவி கொடுக்கும்போது இலங்கை வானொலி மணி சொல்ல, முள்ளைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் தவறு சேரவே இல்லை. வாப்பாவின் நினைவு பொய்யில்லை, அன்று கணக்குப் பார்த்த விதம் வேறு.

இனி செய்ய வேண்டியது. முதலில் வாரண்டித் தேதியைப் பாருங்கள், இது அவசரம். ரோலக்ஸும் ஓமேகாவும் இப்போது ஐந்து வருஷம் தருகின்றன. கார்ட்டியே, ஐடபிள்யூசி போன்றவை பதிவு செய்தால் எட்டு வருஷம் வரை நீட்டுகின்றன, முதல் வாரண்டி முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும். பல கம்பெனிகள் இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அப்படியென்றால் உங்களுக்கு ஆறு மாதம்தான் மிச்சம்.

அடுத்து, இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள். தினமும் ஒரே நேரத்தில், போன் மணியோடு ஒப்பிட்டு எத்தனை விநாடி என்று. முதல் வாரம் வாப்பா கட்டியிருக்கட்டும். இரண்டாவது வாரம் முழுச் சாவி கொடுத்து, ஒரு இரவு டயல் மேலே பார்க்க, ஒரு இரவு கிரவுன் மேலே, ஒரு இரவு கிரவுன் கீழே என்று மாற்றி வையுங்கள். முழுச் சாவியில் எத்தனை மணி ஓடியது என்பதையும் சேருங்கள். இந்தத் தாளோடு கார்டும் பில்லும் வைத்துச் சென்னையில் உள்ள அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு அனுப்பலாம். சர்வதேச வாரண்டி என்றால் துபாய்க்குத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. காக்கா வரும்போது எடுத்துப் போகட்டும் என்று மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

கொடுக்கும்போது "ஸ்லோவாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு ஒரு திருகலோடு திருப்பித் தந்துவிடுவார்கள். "முதலில் சரியாக ஓடி, பிறகு படிப்படியாகப் பின்தங்குகிறது, வீச்சு குறைந்திருக்கிறதா என்று முழுச் சாவியிலும் 24 மணி நேரம் கழித்தும் எல்லா நிலைகளிலும் அளந்து எழுதித் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். மூடியைத் திறந்தால் வாஷர் மாற்றி, அழுத்தச் சோதனை செய்து, அதையும் பில்லில் குறிக்கச் சொல்லுங்கள். சர்வீசுக்கென்று தனி வாரண்டி தருவார்கள், அந்தத் தாளை விடாதீர்கள். திரும்பி வந்ததும் அதே மாதிரி இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். அவர்கள் எழுதித் தரும் வீச்சு எண்களை இங்கே போடுங்கள் தம்பி, என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.